எண்முறை வானிலை முன்கணிப்பின் வரலாறு

எண்முறை வானிலை முன்கணிப்பு என்பது வளிமண்டலத்தின் இயக்கத்தை விளக்கும் இயற்பியல் சமன்பாடுகளைக் கணினியின் உதவியால் படிப்படியாகத் தீர்த்து, வரவிருக்கும் வானிலையைக் கணக்கிடும் முறையாகும். கணினி மாதிரியாக்கம், கணினி உருவகப்படுத்தல் ஆகிய இரு துறைகளும் வளர்ந்த களங்களுள் இது முதன்மையானது. மற்ற பல துறைகளில் மாதிரியின் விடை சரியா தவறா என்பது தெரிய ஆண்டுகள் ஆகலாம். வானிலையில் மறுநாளே தெரிந்துவிடும். இத்துறையின் முக்கியமான முன்னேற்றங்களுள் பல, தவறிப்போன கணக்குகளை மறைக்காமல் வெளியிட்டு, அவற்றின் காரணத்தைத் தேடியதிலிருந்தே பிறந்தன.

மாதிரியும் உருவகப்படுத்தலும்

ஓர் இயற்கை நிகழ்வின் இன்றியமையாத கூறுகளை மட்டும் எடுத்துக்கொண்டு அதைச் சமன்பாடுகளாக எழுதுவது மாதிரியாக்கம். அம்மாதிரியைக் காலத்தில் முன்னோக்கி ஓடவிட்டு, என்ன நிகழ்கிறது என்று பார்ப்பது உருவகப்படுத்தல். பொம்மைத் தேர் செய்வது முன்னது என்றால், அதை இழுத்து ஓட்டிப் பார்ப்பது பின்னது.

வானிலை மாதிரியில் வளிமண்டலம் சதுரக் கட்டங்களாகவும் அடுக்குகளாகவும் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகியவற்றின் இப்போதைய மதிப்புகள் தரப்படுகின்றன. இது தொடக்க நிலை எனப்படும். சில நிமிடங்கள் கழித்து இம்மதிப்புகள் எவ்வாறு மாறும் என்று சமன்பாடுகள் சொல்கின்றன. இந்தச் சிறு கால இடைவெளி காலப்படி எனப்படும். ஒரு படியின் விடையே அடுத்த படியின் தொடக்கமாகிறது.

பியர்க்னெசின் திட்டம்

நார்வே நாட்டு இயற்பியலாளர் வில்லெம் பியர்க்னெஸ் 1904ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இம்முறையின் அடிப்படையை வகுத்தார். வளிமண்டலத்தின் இன்றைய நிலை போதிய துல்லியத்துடன் தெரிய வேண்டும். ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலை உருவாகும் விதிகளும் போதிய துல்லியத்துடன் தெரிய வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் முன்கணிப்பு ஒரு கணக்காகிவிடும் என்பது அவர் கருத்து. அக்காலத்தில் வானிலை அறிவிப்போர் பழைய வரைபடங்களைப் புரட்டி, இன்றைய நிலையை ஒத்த நாளைத் தேடி, அன்று நடந்ததே இன்றும் நடக்கும் என்று சொல்லிவந்தனர். பியர்க்னெசின் திட்டம் அவ்வழக்கத்திலிருந்து முற்றிலும் மாறுபட்டது. ஆனால் அச்சமன்பாடுகளை நேரடியாகத் தீர்க்க வழியில்லாததால் அவர் வரைபட முறைகளையே நாடினார்.

ரிச்சர்ட்சனின் தோல்வி

சமன்பாடுகளை எண்களாக மாற்றித் தீர்க்க முதன்முதலில் முயன்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் (1881–1953). குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த இவர் போரை எதிர்த்தவர். முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, 1916இல் பிரான்சில் காயமுற்றோரை ஏற்றிச்செல்லும் ஊர்திப் பிரிவில் சேர்ந்தார். பணிக்கு இடையே கிடைத்த ஓய்வு நேரத்தில் தம் கணக்கைச் செய்தார்.

1910 மே 20ஆம் நாளை அவர் தேர்ந்தெடுத்தார். அன்று ஐரோப்பாவின் பல இடங்களில் பலூன்கள் வழியாக மேல்வளிமண்டல அளவீடுகள் எடுக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்கள், 5 அடுக்குகள் என்று பிரித்துக்கொண்டு, ஜெர்மனியின் ஒரு பகுதியில் 6 மணி நேரத்தில் அழுத்தம் எவ்வளவு மாறும் என்று கணக்கிட்டார். இதற்கு அவருக்கு ஆறு வாரங்கள் பிடித்தன. 1917இல் ஷாம்பேன் போரின்போது கையெழுத்துப் பிரதி பின்களத்துக்கு அனுப்பப்பட்டுக் காணாமற்போனது. சில மாதங்களுக்குப் பின் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியில் அது கிடைத்தது.

கணக்கின் விடை, அழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்பதாகும். உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. கடல்மட்டத்தில் இயல்பான அழுத்தம் 1013 மில்லிபார். உலகில் பதிவான மிகக் கடுமையான சூறாவளிகளுள் ஒன்றான 1979ஆம் ஆண்டின் டிப் புயலின் மையத்தில் அது 870 ஆக இறங்கியது. அதாவது 143 மில்லிபார் வேறுபாடு. ஆறு மணி நேரத்தில் அதைவிடக் கூடுதலான மாற்றம் நிகழும் என்பது நடவாத செயல் என ரிச்சர்ட்சனுக்கே தெரியும்.

எனினும் அவர் அதை மறைக்கவில்லை. 1922இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட தம் நூலில், ஒவ்வொரு படிநிலையையும் பிழையான விடையையும் முழுமையாக அச்சிட்டார். தொடக்க நிலைக்கான காற்று அளவீடுகளில் குறை இருக்கலாம் என்றும் குறிப்பிட்டார். உலகம் முழுவதற்கும் வானிலை ஓடும் வேகத்திலேயே கணக்கிட 64,000 கணக்கர்கள் தேவைப்படுவர் என்று மதிப்பிட்டு, அவர்கள் ஒரு பெரிய அரங்கில் வட்டமாக அமர்ந்து கணக்கிடுவதைக் கற்பனை செய்தும் எழுதினார்.

பிழையின் காரணம் பின்னாளில் விளங்கியது. காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று இயைந்திருப்பவை. அளவீட்டுப் பிழைகளால் அந்த இயைபு கெட்டால், கணக்கில் போலியான வேக அலைகள் எழுந்து உண்மையான மெதுவான மாற்றத்தை மூடிவிடும். அயர்லாந்தின் வானிலையியலாளர் பீட்டர் லிஞ்ச் அதே தொடக்க அளவுகளைச் சமப்படுத்தி, ரிச்சர்ட்சனின் முறையிலேயே மீண்டும் கணக்கிட்டார். அழுத்த மாற்றம் 1 மில்லிபாருக்கும் குறைவாக வந்தது. முறை சரியாகவே இருந்தது. கெடுத்தது தொடக்க நிலையே.

காலப்படிக்கு ஒரு வரம்பு

1928இல் ரிச்சர்ட் கூரான்ட், குர்ட் ஃபிரீட்ரிக்ஸ், ஹான்ஸ் லேவி ஆகிய கணிதவியலாளர்கள் ஒரு முக்கியமான நிபந்தனையைக் கண்டறிந்தனர். ஒரு காலப்படிக்குள் எந்த அலையும் கணக்கீட்டு முறை எட்டக்கூடிய தொலைவைத் தாண்டிவிடக் கூடாது. தாண்டினால் பிழை ஒவ்வொரு படியிலும் பெருகி விடையை அழித்துவிடும். ரிச்சர்ட்சனின் காலப்படி 3 மணி நேரம். வளிமண்டலத்தின் வேகமான ஈர்ப்பலைகள் நொடிக்குச் சுமார் 300 மீட்டர் செல்பவை. 3 மணி நேரத்தில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். அவர் கணக்கைத் தொடர்ந்திருந்தால் இக்காரணத்தாலும் அது சிதைந்திருக்கும்.

எனியாக் கணினியில் முதல் முன்கணிப்பு

இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்காவில் எனியாக் என்னும் மின்னணுக் கணினி உருவானது. சுமார் 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்ட இது பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணக்கிட வடிவமைக்கப்பட்டது. கணிதவியலாளர் ஜான் வான் நியூமன், மின்னணுக் கணினிக்குப் பொருத்தமான பணி வானிலையே என்று கருதி, பிரின்ஸ்டனில் ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தார்.

அக்குழுவை வழிநடத்திய ஜூல் சார்னி, ரிச்சர்ட்சனின் தோல்வியிலிருந்து பாடம் கற்றவர். வானிலைக்குத் தேவையற்ற வேக அலைகள் எழவே முடியாதபடி சமன்பாடுகளை எளிமைப்படுத்தினார். மாதிரியாக்கத்தில் எதைச் சேர்ப்பது என்பதைப் போலவே எதை விடுவது என்பதும் முக்கியம் என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

1950 மார்ச் 5ஆம் நாள் மேரிலாந்தின் அபர்டீனில் பணி தொடங்கியது. இரவு பகலாக 33 நாட்கள் நடந்தது. எனியாக்கின் நினைவகம் மிகச் சிறியது என்பதால் இடைக்கால விடைகளைத் துளை அட்டைகளில் பதித்து மீண்டும் மீண்டும் ஊட்ட வேண்டியிருந்தது. இதற்கான நிரலாக்க நுட்பத்தைக் குழுவினருக்குக் கற்பித்து, இறுதி நிரலைச் சரிபார்த்தவர் கிளாரா வான் நியூமன். 24 மணி நேர முன்கணிப்பு ஒன்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரமே ஆனதால், கணினி வானிலையுடன் சமமாக ஓடியது எனலாம். 2008இல் இதே முன்கணிப்பு ஒரு சாதாரணக் கைப்பேசியில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் செய்து காட்டப்பட்டது.

முடிவுகளைச் சார்னி ரிச்சர்ட்சனுக்கு அனுப்பினார். ரிச்சர்ட்சன் தம் மனைவி டோரதியிடம் படங்களைக் காட்டி, மறுநாள் உண்மையாக நிலவிய வானிலையுடன் கூடுதலாக ஒத்திருப்பது கணினியின் முன்கணிப்பா, அல்லது எதுவும் மாறாது என்று வைத்துக்கொண்ட முதல்நாள் வரைபடமா என்று கேட்டார். கணினியின் படமே சற்று மேல் என்று டோரதி தீர்ப்பளித்தார். இன்று எந்த முன்கணிப்பு முறையும் முதலில் இதே சோதனையில் தேற வேண்டும்: நேற்றுப்போலவே இன்றும் இருக்கும் என்று சொல்வதைவிட அது மேலாக இருக்க வேண்டும்.

1954இல் சுவீடனும் 1955இல் அமெரிக்காவும் நடைமுறை முன்கணிப்புக்குக் கணினியைப் பயன்படுத்தத் தொடங்கின. அமெரிக்காவில் முதலில் பயன்படுத்திய மூன்றடுக்கு மாதிரி எதிர்பார்த்த பலன் தரவில்லை. எளிய ஓரடுக்கு மாதிரிக்கே திரும்ப வேண்டியிருந்தது.

பிலிப்ஸ் சோதனை

1956இல் நார்மன் பிலிப்ஸ் புதியதொரு கேள்வியை எழுப்பினார். குறிப்பிட்ட நாளின் வானிலையைத் தராமல், அசைவற்ற வளிமண்டலத்தைத் தெற்கே சூடாக்கி வடக்கே குளிர்வித்தால் என்ன நிகழும்? அவருடைய இரண்டடுக்கு மாதிரியில் மேலைக்காற்றோட்டமும் நகரும் புயல் சுழல்களும் தாமாகவே தோன்றின. உருவகப்படுத்தல் முன்கணிக்கும் கருவி மட்டுமன்று, சோதனைச்சாலையுமாகும் என்பது இதனால் தெளிவாயிற்று. இன்றைய காலநிலை மாதிரிகள் அனைத்துக்கும் இதுவே முன்னோடி.

ஆனால் ஏறத்தாழ ஒரு மாத ஓட்டத்துக்குப் பின் அந்தக் கணக்கும் சிதைந்தது. காலப்படியைக் குறைத்தும் பயனில்லை. 1959இல் பிலிப்ஸ் காரணத்தைக் கண்டார். கட்டத்தின் அளவைவிடச் சிறிய அலைகள், மாதிரியில் பெரிய அலைகளாக வேடமிட்டுத் தோன்றிப் பெருகுகின்றன. திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தெரிவதற்கு ஒப்பானது இது. 1966இல் அகியோ அரகாவா, ஆற்றல் போன்ற அளவுகள் கணக்கில் கூடாமலும் குறையாமலும் காக்கும் முறையை வகுத்து இச்சிக்கலைத் தீர்த்தார்.

கட்டத்தில் அடங்காதவை மற்றொரு சிக்கலையும் தந்தன. பெரிய கண்ணுள்ள வலையில் நெத்திலி தங்காது. அதுபோல 100 கிலோமீட்டர் கட்டத்தில் ஓர் இடிமேகம் தென்படாது. ஆனால் அது தரும் மழையும் வெப்பமும் உண்மை. எனவே கட்டத்தின் சராசரி நிலையைக்கொண்டு அத்தகைய சிறு நிகழ்வுகளின் விளைவை மதிப்பிட்டுச் சேர்க்கின்றனர். இது அளவுருவாக்கம் எனப்படும். இன்றளவும் மாதிரிகளின் வலுக்குறைந்த பகுதி இதுவே.

லொரென்சும் முன்கணிப்பின் எல்லையும்

1961இல் அமெரிக்காவின் எட்வர்ட் லொரென்ஸ் எளியதொரு வானிலை மாதிரியை மீண்டும் ஓட்டிப் பார்க்க விரும்பி, முன்பு அச்சான எண் ஒன்றை நடுவிலிருந்து எடுத்து உள்ளிட்டார். கணினியின் நினைவில் இருந்தது 0.506127, அச்சில் வந்தது 0.506. இந்தச் சிறு வேறுபாட்டால் இரண்டாம் ஓட்டம் சிறிது தூரம் முதல் ஓட்டத்துடன் ஒத்துச் சென்று, பின்னர் முற்றிலும் வேறாகிப்போனது. கணினி பழுதாகிவிட்டதோ என்றுதான் அவர் முதலில் எண்ணினார். 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒழுங்கின்மைக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்டது. தொடக்க நிலையை முற்றிலும் துல்லியமாக அளக்க இயலாது என்பதால், நாள்வாரி வானிலையை ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு மேல் முன்கணிக்க முடியாது என்பது பின்னர் தெளிவானது.

இதற்கான விடை வேறொரு துறையிலிருந்து வந்தது. 1946இல் நோயிலிருந்து தேறிவந்த ஸ்டானிஸ்லாவ் உலாம், தனியாள் சீட்டாட்டத்தில் வெற்றி வாய்ப்பைக் கணக்கிடுவதைவிடப் பலமுறை ஆடி எண்ணிப் பார்ப்பது எளிது என்று உணர்ந்தார். சமவாய்ப்பு எண்களைக்கொண்டு பலமுறை உருவகப்படுத்தும் இம்முறைக்குச் சூதாட்டக் கூடத்தின் பெயரால் மான்டே கார்லோ முறை என்று பெயர் வந்தது. இதே கருத்தில், தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றிப் பல முன்கணிப்புகளை ஒருங்கே ஓட்டும் குழும முன்கணிப்பு, 1992 முதல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடைமுறைக்கு வந்தது. விடைகள் நெருங்கியிருந்தால் நம்பிக்கை கூடும். சிதறினால் ஐயம் கூடும். மழைக்கு 70 விழுக்காடு வாய்ப்பு என்பன போன்ற அறிவிப்புகள் இவ்வகைக் கணக்கிலிருந்து வருகின்றன.

சென்னையில் பிறந்து அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டி. என். கிருஷ்ணமூர்த்தி (1932–2018) இதில் ஒரு படி மேலே சென்றார். வெப்பமண்டல வானிலை மாதிரியாக்கத்தின் முன்னோடியான அவர், பல நாட்டு மாதிரிகளின் கடந்தகாலப் பிழைகளை ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற எடையளித்து ஒன்றிணைக்கும் முறையை 1999இல் தம் குழுவினருடன் வெளியிட்டார்.

காலநிலை மாதிரிகள்

1967இல் சியுகுரோ மனாபே, ரிச்சர்ட் வெதரால்ட் இருவரும், காற்றில் கரியமில வாயு இருமடங்கானால் தரைப்பரப்பு வெப்பநிலை சுமார் 2.3 டிகிரி செல்சியஸ் உயரும் என்று ஒரே செங்குத்துத் தூணாக அமைந்த மாதிரியால் கணக்கிட்டனர். கீழ்வளிமண்டலம் சூடாகும்போது அதற்கு மேலுள்ள அடுக்கு மண்டலம் குளிரும் என்றும் கூறினர். பின்னாளைய அளவீடுகள் அதை உறுதிசெய்தன. மனாபே 2021இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தியாவில்

1988இல் இந்திய அரசு நடுத்தரக் கால வானிலை முன்கணிப்புக்கென ஒரு தேசிய மையத்தை நிறுவியது. அதற்கு அமெரிக்காவிலிருந்து கிரே மீக்கணினி வாங்கப்பட்டது. ஆற்றல் மிக்க கணினிகளைப் பெறுவதில் நேர்ந்த தடைகள், அதே ஆண்டில் புனேயில் சி-டாக் நிறுவனம் தோன்றவும் 1991இல் பரம் மீக்கணினி உருவாகவும் காரணமாயின.

1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். 2013 அக்டோபரில் அதே கடற்கரையைத் தாக்கிய பைலின் புயலுக்கு முன்னதாகச் சுமார் 10 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளுக்குள் அடங்கியது. புயல் காப்பகங்கள், செயற்கைக்கோள்கள், மாநில நிர்வாகத்தின் ஆயத்தம் ஆகியவற்றுடன், புயலின் பாதையை நாட்கணக்கில் முன்னதாகச் சொன்ன மாதிரிகளுக்கும் இதில் பங்குண்டு.

இன்றைய நிலை

கடந்த சில பத்தாண்டுகளில் முன்கணிப்பின் பயனுள்ள கால அளவு பத்தாண்டுக்கு ஒரு நாள் என்ற வீதத்தில் நீண்டுள்ளது. அண்மையில், சமன்பாடுகளைத் தீர்க்காமல் பழைய தரவுகளிலிருந்து கற்றுக்கொண்டு முன்கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளும் வந்துள்ளன. ஐரோப்பிய நடுத்தரக் கால முன்கணிப்பு மையம் 2025இல் அத்தகைய மாதிரி ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இம்மாதிரிகள் கற்கும் தரவுகளோ, பல்லாண்டு அளவீடுகளை இயற்பியல் மாதிரிகளுடன் இணைத்து உருவாக்கப்பட்டவை. புதிய முறையும் பழைய முறையின் தோள்மீதே நிற்கிறது. அதன் விடையும் மறுநாள் வானிலையுடன் ஒப்பிடப்பட்டே ஏற்கப்படுகிறது.