கிளாரியன் மண்: ஒரு புல்வெளி மண்ணுக்குப் பெயர் வந்த வரலாறு

அமெரிக்க வேளாண் துறையின் மண் பணியகம் 1909இல் தன் 55ஆம் அறிக்கையை வெளியிட்டது. பணியகத்தின் தலைவர் மில்ட்டன் விட்னி அதில் ஓர் உறுதியான கருத்தை முன்வைத்தார். மண் ஒரு நாட்டின் அழியாத, மாறாத சொத்து. எடுத்துத் தீர்க்க முடியாத ஒரே வளம் அதுதான் என்றார். அவருக்குக் கீழ் பணியாற்றிய ஹியூ ஹேமண்ட் பென்னட்டுக்கு இக்கருத்து பெரும் மனவருத்தம் தந்தது. மண்ணரிப்பைத் தடுக்கும் இயக்கத்துக்குப் பின்னாளில் தலைமை ஏற்றவர் அவர்தான். இந்த இருவரின் கருத்து வேறுபாடு மண் வகைப்பாட்டின் வரலாற்றில் இன்னும் தீரவில்லை என்பதை ஒரே ஒரு மண்ணைக் கொண்டு இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

அந்த மண்ணின் பெயர் கிளாரியன். ஐயோவா மாநிலத்தின் ரைட் கவுன்டியில் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. ஐயோவாவின் வடநடுப் பகுதியிலும் அதை ஒட்டிய தெற்கு மினசோட்டாவிலும் மெல்லிய மேடுகளின் மீதும் சரிவுகளிலும் இந்த மண் பரவியிருக்கிறது. இன்று அதன் மேல் மக்காச்சோளமும் சோயாவும் மாறி மாறி விளைகின்றன.

பனி கொண்டுவந்தது

கடைசிப் பனியூழியின் இறுதிக் கட்டத்தில், வடக்கேயிருந்து ஒரு பனிநாக்கு இன்றைய டெ மாய்ன் நகரம் வரை நீண்டது. நிலவியலாளர் அதற்கு அந்த நகரத்தின் பெயரையே இட்டனர். ஏறத்தாழ 17,000 ஆண்டுகளுக்கு முன் அது தன் தென்கோடியைத் தொட்டது. 14,000 ஆண்டுகளுக்கு முன் ஐயோவாவை விட்டு அகன்றது. வரும் வழியில் வடபுலத்துச் சுண்ணாம்புக்கல், களிப்பாறை, கருங்கல் எல்லாவற்றையும் சுரண்டி அரைத்துச் சுமந்துவந்து, உருகியபோது அப்படியே போட்டுவிட்டுப் போனது. ஆற்று நீர் மணலை ஓரிடத்திலும் களியை வேறோரிடத்திலும் பிரித்து இறக்கும். பனிக்கு அந்த வேலை தெரியாது. மாவு போன்ற துகளும் ஆளுயரப் பாறையும் ஒரே குவியலாகக் கிடக்கும் இப்படிவை நிலவியலாளர் 'டில்' என்பர். கிளாரியன் மண்ணில் மணல், வண்டல், களி மூன்றும் ஒன்றையொன்று மிஞ்சாமல் கலந்திருப்பதற்கும், அதை நாம் இருபொறை மண் என்பதற்கும் காரணம் இதுவே. சுண்ணாம்புக்கல் அரைபட்டுக் கலந்ததால் அடியில் சுண்ணாம்புச் சத்து நிறைந்திருந்தது.

பனி போன பின் முதலில் தளிர்த்தவை ஸ்புரூஸ் காடுகள். பிறகு அகன்ற இலை மரங்கள் வந்தன. வானிலை வறண்டபோது, சுமார் 9,000 முதல் 8,000 ஆண்டுகளுக்கு முன், புல் மேலோங்கியது. ஆள் மறையும் உயரத்துக்கு வளரும் பெரும் புளூஸ்டெம் புல்லின் உடலில் பெரும்பகுதி நிலத்துக்கு அடியில்தான் இருக்கும். ஆண்டுதோறும் அந்த வேர்களில் ஒரு பங்கு மடிந்து, உள்ளேயே மட்கும். சுண்ணாம்பிலிருந்து வந்த கால்சியம் மட்கைக் களியோடு பிணைத்து நிறுத்தியது. புல்வெளித் தீ விட்டுச்சென்ற கரித்துகளும் சேர்ந்தது. வளை தோண்டும் எலிகளும் மண்புழுக்களும் மேல்மண்ணைக் கீழேயும் கீழ்மண்ணை மேலேயும் புரட்டின. காட்டில் இலைச்சருகு மேலே விழுந்து மேலேயே மட்குவதால் கறுப்பு மெல்லிய படலமாக நிற்கும். புல்வெளியில் கறுப்பு முழங்கால் ஆழம் இறங்கியது இப்படித்தான்.

உழாத இடத்தில் ஒரு குழி வெட்டிப் பார்த்தால், மேலே 40 முதல் 50 சென்டிமீட்டர் வரை கரிய மண் தெரியும். கையில் எடுத்தால் கேழ்வரகு உருண்டை போலப் பொலபொலவென்று உதிரும். அதன் கீழே பழுப்பு அடுக்கு. இன்னும் கீழே, ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்தில், நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரை பொங்கும். மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்து இறக்கிய எல்லை அது. அதற்கும் கீழே பனி விட்டுப்போன டில் அப்படியே இருக்கிறது.

கறுப்பு மண் என்றதும் கோவில்பட்டிக் கரிசலை நினைக்கும் வாசகருக்கு ஒரு விளக்கம் தேவை. கரிசலின் கறுப்புக்கும் அதன் மட்குக்கும் உள்ள தொடர்பு மிகக் குறைவு. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பதும் மழையில் உப்பிப் பிசுபிசுப்பதும் அதன் களியின் குணம். கிளாரியன் அப்படி வெடிக்காது. நிறம் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு வகுப்பு.

பாறையைக் கேட்ட காலம்

அமெரிக்க மண் அளவாய்வு 1899இல் களத்தில் தொடங்கியது. விட்னியின் ஆட்கள் முதலில் கேட்டது, இந்த மண் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்பதைத்தான். அடுத்து, துகள் எவ்வளவு பருமன் என்பதை. பனிப்படிவும் காற்றுப்படிவும் மூடிய நிலம் முழுவதும் ஒரே 'மாகாணம்' ஆனது. அதில் காட்டடி வெளிர்மண்ணை மயாமி என்றும் புல்வெளிக் கருமண்ணை மார்ஷல் என்றும் மிகப் பரந்த இரு பெயர்களில் அடக்கினர். வரைபடம் தயாரிக்கும் வேகத்துக்கு அது உதவியது, உழவருக்கு உதவவில்லை. வரப்புக்கு வரப்பு மாறும் வடிகால் அந்தப் பெயர்களில் இல்லை. களப்பணியாளர்கள் ஒவ்வொரு கவுன்டியாக நடந்து பார்த்த பிறகே மார்ஷல் சிதறியது. பனிப்படிவின் வயதும் சுண்ணாம்பின் ஆழமும் கணக்கில் வந்து, கிளாரியன் போன்ற சிறு 'மண் தொடர்கள்' உருவாயின.

இதற்கிடையே, ருஷ்யாவில் கேள்வியே மாறிவிட்டிருந்தது. 1883இல் வசீலி டோகுசாயெவ் செர்னோசெம் என்னும் ருஷ்யக் கருமண்ணைப் பற்றிய தம் நூலில், மண் என்பது வெறும் பாறைத்தூள் ஆகாது; தட்பவெப்பம், உயிரினம், நில அமைப்பு, காலம் எல்லாம் சேர்ந்து உருவாக்கும் தனி இயற்கைப் பொருள் என்று நிறுவினார். அவர் மரபில் வந்த கிளிங்கா 1914இல் ஜெர்மனில் எழுதிய நூலை அமெரிக்க மண்ணியலாளர் கர்ட்டிஸ் மார்பட் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது 1927இல் வெளிவந்தது. முதல் பன்னாட்டு மண்ணியல் மாநாடு வாஷிங்டனில் கூடியதும் அதே ஆண்டில்தான்.

மார்பட்டுக்கு இந்தப் புல்வெளி மண் ஒரு புதிராகவே இருந்தது. அவர் உலக மண்ணை இரண்டாகப் பிரித்தார்: சுண்ணாம்பு தங்கும் வறள்நில மண், சுண்ணாம்பு கழுவப்படும் ஈரநில மண். ஐயோவாவின் நடுப்பகுதியில் ஆண்டு மழை 800 மில்லிமீட்டருக்கு மேல். மரம் வளரப் போதுமான மழை அது. மேல்மண்ணில் சுண்ணாம்பும் இல்லை. ஆனால் தோற்றமோ செர்னோசெமின் தோற்றம். இரண்டுக்கும் இடையில் நின்ற இதை ஈரநில அணியில் 'பிரெய்ரி மண்' என்ற தனிக் குழுவாக வைத்தார். மார்பட் 1935இல் சீனா செல்லும் வழியில் ஹார்பின் நகரில் காலமானார். அவருடைய பெரிய மண் நிலப்படத் தொகுதி வெளிவந்ததும் அந்த ஆண்டில்தான். 1938ஆம் ஆண்டின் வேளாண் துறை ஆண்டுமலர் பிரெய்ரி மண்ணைப் பெருங்குழுக்களில் ஒன்றாக உறுதிப்படுத்தியது. தாவரத்தின் பெயரை மண்ணுக்கு இடுவது குழப்பம் என்று கருதிய ஐயோவா மண்ணியலாளர்கள் 1950களில் 'புரூனிசெம்' என்ற சொல்லைக் கையாண்டனர். அச்சொல் நெடுநாள் நிற்கவில்லை.

சரிவுதோறும் மாறும் சங்கிலி

பிரெய்ரி மண் என்ற பெயர் நிலவிய காலத்தில்தான் கிளாரியனைத் தனியாகப் பார்ப்பது தவறு என்பதும் தெளிவாயிற்று. கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய ஜெஃப்ரி மில்ன் 1935இல் 'கட்டீனா', அதாவது சங்கிலி, என்ற கருத்தைத் தந்தார்: ஒரே படிவின் மீது, மேட்டிலிருந்து பள்ளம் வரை, நீர் நிற்கும் அளவுக்கு ஏற்ப மண் வரிசையாக மாறும். ஐயோவாவில் இதைக் கண்ணால் காணலாம். மேட்டில் கிளாரியன், சற்றுக் கீழே, ஓரளவு ஈரம் தங்கும் இடத்தில் நிக்கலெட், தாழ்ந்த சமதளத்தில் வெப்ஸ்டர், மூடிய குட்டைகளில் ஒக்கபோஜி, குட்டையின் விளிம்பில், நீர் ஆவியாகிச் சுண்ணாம்பை விட்டுச்செல்லும் வளையத்தில் ஹார்ப்ஸ். எல்லாவற்றுக்கும் மூலம் ஒரே பனி தந்த டில்.

சங்கிலியின் மேல்முனையிலிருந்து கீழ்முனைக்கு மண்ணும் பயணப்பட்டது. பேட்ரிக் வாக்கர் 1966இல் வெளியிட்ட ஆய்வு, அப்பகுதிச் சதுப்புகளின் அடுக்குகளைத் துளையிட்டுப் படித்தது. புல் பரவிய வறண்ட காலத்தில் சரிவுகள் அரிக்கப்பட்டு அந்த மண் பள்ளங்களில் படிந்ததை அது காட்டியது. ஏர் படாத காலத்தில் நடந்தது இது. மாறாத சொத்து என்ற விட்னியின் கருத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

அளவுகோலின் காலம்

1951 முதல் அமெரிக்க மண்ணியலாளர் கை ஸ்மித் தலைமையில் ஒரு புதிய முறை படிப்படியாக வரையப்பட்டது. உலகெங்கும் சுற்றுக்கு விட்டுத் திருத்தப்பட்ட ஏழாம் வரைவு 1960இல் மேடிசனில் கூடிய பன்னாட்டு மண்ணியல் மாநாட்டை ஒட்டி வெளிவந்தது. முழு நூல் 1975இல். எப்படி உருவானது என்பதை ஊகிக்காமல், இப்போது என்ன இருக்கிறது என்று அளந்து வகுப்பதே அதன் நெறி. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் செவ்வியல் மொழிப் பேராசிரியர் ஜான் ஹெல்லர் லத்தீன், கிரேக்க வேர்களிலிருந்து பெயர்களை ஆக்க உதவினார். புல்வெளிக் கருமண்ணுக்கு 'மாலிசால்' என்ற பெயர் கிடைத்தது. மாலிஸ் என்றால் மென்மை.

மாலிசால் ஆக வேண்டுமானால் மேலடுக்கு தேர்வில் தேற வேண்டும். ஈரநிலையில் மன்செல் நிற அட்டையில் வெளிர்மதிப்பும் நிறச்செறிவும் 3ஐத் தாண்டக் கூடாது. அங்ககக் கரிமம் 0.6 விழுக்காடாவது வேண்டும். கால்சியம் முதலிய காரச் சத்துகள் அயனிப் பிடிப்பிடங்களில் பாதியையாவது நிரப்பியிருக்க வேண்டும். கிளாரியன் போன்ற ஆழமான மண்ணில் இந்த அடுக்கு 25 சென்டிமீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும். கிளாரியனின் இன்றைய முழுப்பெயர் 'ஃபைன்-லோமி, மிக்ஸ்டு, சூப்பர்ஆக்டிவ், மீசிக் டிப்பிக் ஹாப்லுடால்'. வாயில் நுழையாத இந்தப் பெயரில் ஒரு சொல்லும் வீண் இல்லை. களி 18 முதல் 35 விழுக்காடு, கனிமங்கள் கலவை, களியின் சத்துப் பிடிக்கும் திறன் மிக அதிகம், ஆண்டுச் சராசரி மண் வெப்பம் 8 முதல் 15 டிகிரி, ஈரக் காலநிலையின் எளிய மாலிசால். பக்கத்து வெப்ஸ்டர் 'எண்டோஅக்வால்'. நீர் தேங்கும் மாலிசால் என்று பொருள்.

என் மதிப்பீட்டில், மூன்று முறைகளுள் இதுவே நேர்மையானது. இரண்டு ஆய்வாளர்கள் ஒரே குழியில் இறங்கினால் ஒரே பெயரோடு வெளியே வர முடிகிறது. உழவு பெயரை மாற்றிவிடக் கூடாது என்பதிலும் ஸ்மித் கவனமாக இருந்தார். மேல் 18 சென்டிமீட்டரைக் கலந்த பிறகே நிறத்தைப் பார்க்க வேண்டும் என்ற விதி அதற்காகத்தான்.

ஆயினும் ஒரு விடுபடல் இருக்கிறது. வெப்ஸ்டர் நிலங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே சுட்ட மண்ணாலான வடிகுழாய்களைப் புதைத்து நீரை வடித்துவிட்டனர். நீர் தேங்குவது நின்றுவிட்டது. ஆனால் வகைப்பாட்டு விதியில் 'அல்லது செயற்கை வடிகால்' என்ற ஒரு தொடர் உண்டு. அதனால் வெப்ஸ்டர் தன் பெயரை இழக்கவில்லை; மனிதன் மாற்றியதற்கு முன் இருந்த நிலையை அந்தத் தொடர் நினைவில் வைத்துக்கொள்கிறது. மேட்டிலுள்ள கிளாரியனுக்கு இந்தச் சலுகை இல்லை. கறுப்பு 25 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது மாலிசால் அல்ல. இன்னும் தேய்ந்து சுண்ணாம்பே மேலே வந்துவிட்ட முகடுகளை ஸ்டார்டன் என்று குறிக்கின்றனர். அது இன்செப்டிசால், அதாவது இளம் மண் வகுப்பு. தன் மேல்மண்ணை நூற்றைம்பது ஆண்டுகளில் இழந்த முகடும், இயல்பிலேயே மெல்லிய மண்ணோடு இருந்த முகடும் அந்த ஒரே வகுப்பில் சேர்ந்துவிடுகின்றன.

களப்பணியாளர்கள் இதை அறிந்தே செயல்பட்டனர். ஐயோவா வரைபடங்களில் '138சி2' என்ற குறியீடு வரும். 138 என்பது கிளாரியன். சி என்பது சரிவு. 2 என்பது நடுத்தர அரிப்பு. பெயரைக் காப்பாற்றிக்கொண்டே இழப்பைப் பதிவுசெய்யும் வழி அது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் செயற்கைக்கோள் படங்களில் மண்ணின் நிறத்தை அளந்து, மக்காச்சோள வட்டாரத்தின் உழவு நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தன் மேலடுக்கை முற்றிலும் இழந்துவிட்டது என்று மதிப்பிட்டனர். இழப்பு மிகுதியாக இருந்தவை குவிந்த முகடுகள். கிளாரியன் இருக்கும் இடங்கள்.

வடிகாலுக்குத் தந்த அதே தொடரை அரிப்புக்கும் தர வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபு. முன்பு மாலிசாலாக இருந்ததற்குச் சான்று உள்ள நிலத்தின் பெயரிலேயே அந்தச் சான்று நிற்கட்டும். குறியீட்டின் கடைசி இலக்கத்தில் மட்டும் இருந்தால் போதாது. ஒப்பிட்டுப் பார்க்கச் சான்று இல்லாமல் போகவில்லை. போகஹாண்டஸ் கவுன்டியில் கால்சோ பிரெய்ரி என்ற 160 ஏக்கர் நிலத்தை ஐயோவா மாநிலம் 1948இல் வாங்கிக் காத்துவருகிறது. அந்த நிலத்தை உழுததில்லை.