வீட்டுக்குக் கீழே ஒரு வீடு: பேஸ்மென்ட் வாடகையின் கதை

போன மாதம் என் சித்தியின் மகன் போன் எடுத்தான். வயது 27. வேலை கிடைத்து மூன்று வருடம், முதல் வீடு பார்க்கிறான். "அண்ணா, மேல நான் இருப்பன். பேஸ்மென்டை வாடகைக்கு விட்டால் மோர்ட்கேஜில பாதி வந்திடும். கணக்குச் சரிதானே?" என்று கேட்டான்.

கூட்டல் கழித்தல் சரிதான். ஆனால் ஒன்ராறியோவில் அந்தக் கணக்குக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரியாமல் நானும் ஒருமுறை அதே கணக்கைப் போட்டேன். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் சின்ன வயதில் வளர்ந்தது ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில். யன்னல் கூரையோடு ஒட்டி இருக்கும், ஒரு பூனை நுழையலாம். பனி கொட்டினால் அதுவும் மூடிவிடும். மேலே இருந்த வீட்டுக்காரரை மாமா என்று கூப்பிடுவோம். அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. "ஆராவது வந்து கேட்டால் இது எங்கட மாமா வீடு எண்டு சொல்லு" என்று அம்மா சொல்லித் தந்திருந்தார். ஏன் அப்படிச் சொல்ல வேண்டும் என்று பல வருடங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. நாங்கள் இருந்த வீடு, சட்டப்படி இருக்கக்கூடாத ஒரு வீடு.

வாடகைக்கு இருப்பவர்கள் மீது ரொறன்ரோவுக்கு இருந்த பயம் பழையது. 1912இலேயே நகரசபை பல குடியிருப்புத் தெருக்களில் அடுக்குமாடி வீடு கட்டுவதைத் தடைசெய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஸ்காபரோ போன்ற புறநகர்கள் வளர்ந்தபோது, பெரும்பாலான தெருக்கள் ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம் என்றே வரையப்பட்டன. ஆனால் சட்டம் ஒரு பக்கம், வாழ்க்கை இன்னொரு பக்கம். எங்களுக்கு முன்னர் வந்த யூதர்களும் இத்தாலியர்களும் போர்த்துக்கேயர்களும் வீடு வாங்கி, தங்கள் ஊர்க்காரருக்கு அறைகளை வாடகைக்கு விட்டே கடனைக் கட்டினார்கள்.

1983 யூலைக்குப் பிறகு எங்கள் சனம் வந்தது. 1989இல் ரொறன்ரோப் பகுதியில் ஒரு வீட்டின் சராசரி விலை ஏறக்குறைய 2,73,000 டொலர். அடுத்த வருடம் ஐந்தாண்டு மோர்ட்கேஜ் வட்டி நூற்றுக்கு 14ஐத் தொட்டது. சீட்டு எடுத்த காசை முற்பணமாகக் கட்டி, பகலில் ஒரு வேலை இரவில் ஒரு வேலை என்று ஓடியவர்களுக்கு, பேஸ்மென்ட் வாடகை இல்லாமல் அந்த வீட்டைத் தாங்க முடியாது. கீழே குடிவந்தவர்களுக்கோ கனடாவில் கடன் வரலாறே இல்லை. அடுக்குமாடிக் கட்டடங்கள் சம்பளக் கடிதமும் உத்தரவாதமும் கேட்டன. பேஸ்மென்ட்காரர் "எந்த ஊர்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு பக்கத்துக்கும் மற்றப் பக்கம் தேவைப்பட்டது. சட்டம் இருவரையும் பார்க்கவில்லை.

பார்க்காமல் விட்டதில் ஆபத்து இருந்தது. மறைத்து வைத்த வீட்டைத் தீயணைப்புத் துறை சோதிக்க முடியாது. குடியிருப்பவரும் முறையிட மாட்டார், முறையிட்டால் வீடே போய்விடும். இதைச் சரிசெய்ய, 1994 யூலையில் பொப் ரேயின் அரசாங்கம் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வீட்டுக்குள் இரண்டாவது குடியிருப்பு ஒன்று இருப்பதை இனி நகரசபைகள் தடுக்க முடியாது. அதோடு சேர்ந்து தீப்பாதுகாப்பு விதிகளும் வந்தன: இரண்டு குடியிருப்புகளுக்கும் நடுவில் தீயைத் தடுக்கும் சுவரும் கூரையும், தப்பி வெளியே போக வழி, புகை எச்சரிக்கைக் கருவி, மின்சாரப் பரிசோதனை.

அடுத்த வருடமே ஆட்சி மாறியது. மைக் ஹரிஸின் அரசாங்கம் அந்த உரிமையைத் திரும்ப எடுத்தது. 1995 நவம்பர் 16 அன்று பாவனையில் இருந்த குடியிருப்புகளுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில், ஒரு பேஸ்மென்ட் சட்டத்துக்கு உட்பட்டது, மற்றது சட்டவிரோதம் என்ற நிலை இப்படித்தான் வந்தது. 1998இல் ஸ்காபரோ ரொறன்ரோவோடு இணைக்கப்பட்டது. 2000இல் நகரம் முழுவதற்கும் இரண்டாவது குடியிருப்பு அனுமதிக்கப்பட்டது. 2011இல் மாகாணம் மற்ற நகரசபைகளும் அதற்கு இடம்கொடுக்க வேண்டும் என்றது. 2022இல் பெரும்பாலான குடியிருப்புக் காணிகளில் மூன்று குடியிருப்புகள் வரை அனுமதி வந்தது.

இனி என் கதை. 2019இல் நான் ஒரு செமி வீடு வாங்கினேன். விளம்பரத்தில் பேஸ்மென்ட் வாடகை வருமானம் என்று போட்டிருந்தது. முதலில் இருந்தவர்கள் அங்கே ஆட்களை வைத்திருந்தார்கள். குசினி இருந்தது, குளியலறை இருந்தது, தனிவாசல் இருந்தது. நான் பொறியியல் படித்தவன், எக்செல்லில் இருபத்தைந்து வருடத்துக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வாங்கிய பிறகுதான் நகரசபையில் விசாரித்தேன். அந்தக் குடியிருப்புக்கு அனுமதியே எடுக்கப்படவில்லை. நகரம் அனுமதிக்கிறது என்பது வேறு, இந்த வீட்டுக்கு அனுமதி எடுத்திருக்கிறார்கள் என்பது வேறு. கூரையைப் பிரித்துத் தீத்தடுப்புப் போட்டு, கொங்கிரீட்டை வெட்டிப் பெரிய யன்னல் வைத்து, பரிசோதனை முடிய ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் வாடகை இல்லை, மோர்ட்கேஜ் மட்டும் ஒழுங்காகப் போனது.

இரண்டாவது பாடம் வட்டியில் வந்தது. என்னுடையது மாறும் வட்டி. கனடா மத்திய வங்கியின் வட்டி 2022 மார்ச் தொடக்கத்தில் நூற்றுக்கு 0.25. 2023 யூலையில் அது 5. ஆனால் வாடகையை நினைத்தபடி கூட்ட முடியாது. 1975இலிருந்து ஒன்ராறியோவில் ஏதோ ஒரு வடிவில் வாடகைக் கட்டுப்பாடு இருக்கிறது. 2023க்கு மாகாணம் வைத்த உச்சவரம்பு 2.5 வீதம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடிவந்த பல வீடுகளுக்கு இந்த வரம்பு இல்லை. என் பேஸ்மென்டில் அதற்கு முன்பே ஆட்கள் இருந்தார்கள். செலவு ஓடியது, வாடகை நடந்தது.

மூன்றாவதை எங்கள் மாமா அனுபவித்தார். 1989இல் 2,73,000 ஆக இருந்த சராசரி விலை 1996இல் 1,98,000க்கு இறங்கியது. பழைய இடத்துக்குத் திரும்பி வர 2002 ஆனது. பதின்மூன்று வருடம். அவர் அந்த வீட்டை விற்காமல் காப்பாற்றியது விலை ஏறும் என்ற நம்பிக்கையில் அல்ல. மாதாமாதம் கட்டக்கூடிய அளவுக்கு மட்டும் கடன் எடுத்திருந்தார், கீழே நாங்கள் வாடகையை ஒருநாளும் பிந்தவில்லை. அவருக்கு வேலை போன ஒரு பனிக்காலத்தில் அப்பா இரண்டு மாத வாடகையை முன்கூட்டியே கொடுத்தார் என்று அம்மா சொல்வார்.

ஆகவே தம்பி, தங்கச்சிமாரே, முதல் வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்கு விட நினைத்தால் இவற்றைச் செய்யுங்கள். வாங்க முன்னர் நகரசபையிடம் அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள், விற்பவரின் வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். ஆறு மாதம் வாடகை இல்லாமலும் மோர்ட்கேஜ் கட்ட முடியுமா என்று பாருங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு வாடகைக்கு விடுவதைச் சொல்லுங்கள், வருமானத்தை வரிக்கணக்கில் காட்டுங்கள். எங்கள் பெற்றோர் காலத்துக் கையில் காசு முறை உங்களைக் காப்பாற்றாது.

சட்டத்தையும் படியுங்கள். கடைசி மாத வாடகையை முன்பணமாக வாங்கலாம், சேதத்துக்கென்று வைப்புப்பணம் வாங்க முடியாது. உங்களுக்கே அந்த இடம் தேவையென்றாலும் பொதுவாகக் குறைந்தது 60 நாள் முன்னறிவித்தலும் ஒரு மாத வாடகை அளவு நட்டஈடும் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் வீட்டுக்காரருக்குத் தொல்லை என்று சிலர் சொல்வார்கள். "மாமா வீடு" என்று பொய் சொல்லப் பழக்கப்பட்ட பிள்ளையாக இருந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

என் பேஸ்மென்டில் இப்போது இரண்டு மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வர முன்னர் அம்மா ஒருநாள் வந்து பார்த்தார். புதுக் குசினியைப் பார்க்கவில்லை. நேரே அந்தப் பெரிய யன்னலடிக்குப் போய், திறந்து, கதிரை ஒன்றைப் போட்டு ஏறி, வெளியே போகலாமா என்று பார்த்தார். போகலாம் என்று தெரிந்த பிறகுதான் இறங்கினார்.