ஜமாஅத்தும் ஊர்ப்பொதுவும்

இக்கால அரபு எழுத்தாளர்கள் ‘அல்முஜ்தமஉல் மதனீ’ என்னும் சொற்றொடரை மிகுதியாக ஆளுகின்றனர். குடும்பத்துக்கு மேலாய், அரசுக்குப் புறம்பாய், மக்கள் தாமே கூடிப் பொதுநலம் பேணும் வாழ்வை அது குறிக்கும். தமிழில் குடிமைச் சமூகம் என்பர். மார்க்கமும் ஆட்சியும் ஒன்றாய்ப் பிணைந்த இஸ்லாத்தில் இத்தகைய அமைப்புக்கு இடமேது எனச் சிலர் வினவுகின்றனர். விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சிதம்பரத்துக்கு வடகிழக்கே, வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டை வரை சென்றால் போதும்.

முதலில் மூலத்தை நோக்குவோம். கி.பி. 622இல் மதீனாவுக்குப் பெயர்ந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்நகரத்தாரிடையே ஏற்படுத்திய உடன்படிக்கையை இப்னு இஸ்ஹாக் பதிந்துள்ளார். அதில் யூதரும் தம் மார்க்கத்தில் நின்றவாறே நகரின் பொதுப் பாதுகாப்பில் பங்கேற்றனர். உயிரீட்டுத் தொகையையும் சிறைமீட்புப் பணத்தையும் அந்தந்தக் குலத்தாரே கூடித் திரட்டுவதென்பதும் அதன் ஏற்பாடு. ஆட்சித் தலைமை இருந்தபோதும், மக்கள் கூட்டங்களின் பொறுப்பு அவர்கள் கையிலேயே விடப்பட்டது.

அடுத்து வக்ஃபு. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என் செய்வதென உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்தி விளைவை அறமாக்கும்படி நபிகளார் வழிகாட்டினார்கள். அந்நிலம் விற்கப்படாது, நன்கொடையாகாது, வாரிசுக்கும் போகாது. ஏழை, உறவினர், அடிமை, விருந்தாளி, வழிப்போக்கர் ஆகியோர் அதன் பயனாளிகள். பராமரிப்பவர் முறையோடு உண்ணலாம், பொருள் சேர்க்கலாகாது. இவ்வேர் எத்துணை தழைத்ததென்பதை 1326இல் திமிஷ்கு நகரைக் கண்ட இப்னு பதூதா எழுதியுள்ளார். சீனத்துப் பீங்கானைத் தெருவில் உடைத்துவிட்டு, எசமானருக்கு அஞ்சி நின்ற அடிமைச் சிறுவனுக்கு வேறு பாத்திரம் வாங்கப் பணம் தர, அங்கே தனி வக்ஃபொன்று இருந்ததாம்!

இம்மரபு கடல்வழி நம் கரைக்கும் வந்தது. மஹ்மூது பந்தர் எனவும் வழங்கிய பரங்கிப்பேட்டையில் போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர், டேனியர், ஆங்கிலேயர் என வணிகர் பலர் வந்துபோயினர். 1781 ஜூலை முதல் நாள் ஹைதர் அலீயின் படையும் அயர் கூட்டின் படையும் இங்குதான் மோதின. கொடிகள் மாறின, ஜமாஅத் மாறவில்லை. தலைக்கட்டுக் கணக்கு, நிகாஹ் பதிவேடு, ஜனாஸாவுக்குச் சந்தூக்கு, விருந்துக்குத் தேக்சா, ஓடியாட இளைஞர் என்பன எந்நாளும் அதனிடம் ஆயத்தமாய் இருப்பவை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலையால் கடலூர் மாவட்டத்தில் சுமார் 600 பேர் மாண்டனர். பரங்கிப்பேட்டையைச் சூழ்ந்த மீனவர் குப்பங்கள் நிலைகுலைந்தன. உயிர்தப்பி ஓடிவந்தோர் பெரும்பாலும் இந்து மீனவர். எவர் ஆணையையும் எதிர்பாராமல் ஜமாஅத் எழுந்தது. கல்யாணச் சோறாக்கிய தேக்சாக்களில் அகதிகளுக்கு உணவு வெந்தது. பல நாள், பல்லாயிரம் பேருக்கு. சடலங்களை மீட்டு அடக்கும் பணியிலும் இளைஞர் நின்றனர். அரசின் உதவி வந்து சேருமுன் ஊரின் உதவி சேர்ந்திருந்தது. மூத்தோர் நாடோறும் செய்துவந்த சிறு கடமைகளே அன்று பெருங்கடமைக்குப் பயிற்சியாயின.

இதனைத் தனி நிகழ்ச்சியென்று கொள்ள வேண்டா. அருகிலுள்ள கிள்ளைக் கடற்கரைக்கு மாசிமகத் தீர்த்தவாரியின்பொருட்டு ஸ்ரீமுஷ்ணம் பூவராகசுவாமி எழுந்தருளும்போது, கிள்ளைத் தைக்கால் தர்காவினர் பட்டும் மாலையும் கொண்டு வரவேற்கின்றனர். கோயிலாரும் தர்காவுக்கு மரியாதை செய்கின்றனர். மார்க்க எல்லை குறித்து உலமாக்கள் உரைப்பது ஒருபுறமிருக்க, அண்டையாரின் உரிமையை எந்தக் காவலரும் புகட்டாமலே இவ்வூரார் பேணுவதை எவர் மறுப்பர்?

எனினும் புகழோடு நின்றுவிடுவது நேர்மையாகாது. 1894இல் குடும்ப நலனுக்கான வக்ஃபைப் பிரிவி கவுன்சில் செல்லாதென்றது. முஹம்மது அலீ ஜின்னாவின் முயற்சியால் 1913ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை மீட்டது. பத்தே ஆண்டில், 1923இல், முதவல்லிகள் நீதிமன்றத்தில் கணக்குக் காட்டவேண்டுமென மற்றொரு சட்டம் வந்தது. ஏன்? தாமே கணக்குக் காட்டாதோர் இருந்தமையால். பின்னர் 1954, 1995 சட்டங்களும், உச்சநீதிமன்றம்வரை வழக்காடப்பட்ட 2025ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தன. அரசின் கை மிகுவதைக் கண்டு நாம் வருந்துகிறோம். அந்தக் கைக்கு வாயில் திறந்ததில் நமக்குப் பங்கில்லையா? ஊர்விலக்கு என்னும் தண்டனையை ஓங்கும் ஜமாஅத்தும், பெண்ணின் முறையீட்டை வாசலிலேயே நிறுத்தும் ஜமாஅத்தும் குடிமைச் சமூகமென்னும் பெயருக்கு உரியனவாகா.

அரசிடமிருந்து விலகி நிற்கும் உரிமையைக் கோருவோர், ஊரார் கேட்குமுன் கணக்கை விரித்துவைக்கக் கடமைப்பட்டவர். உமர் (ரலி) அவர்களின் வக்ஃபில் பராமரிப்பவரின் பங்கும் வரையறுக்கப்பட்டிருந்தது. பேரலை நாளில் ‘நீ யார்’ என்று கேளாமல் சோறிட்ட தேக்சா பரங்கிப்பேட்டையின் பெருமை. அந்தத் தேக்சா எவர் பணத்தில் வாங்கப்பட்டது, எங்குள்ளது என்பதைப் பதிவேட்டில் எழுதிவைப்பதும் அதே இபாதத்தின் மறுபாதி என்போம்.