நிலநடுக்கோட்டு ஓவியர்கள்

சிங்கப்பூரின் ஓவிய வரலாற்றில் 1956ஆம் ஆண்டு மறக்கற்பாலதன்று. நிலநடுக்கோட்டுக் கலைக் கழகம் தோன்றிய ஆண்டு அது. 1953இல் சீன உயர்நிலைப் பள்ளிகளில் படிப்பை முடித்த மாணவர்கள் அமைத்த கலைச் சங்கமே அதற்கு முன்னோடியாகும். கழகத்தின் முன்னணியில் நின்ற லிம் இயூ குவான், நான்யாங் நுண்கலைக் கழகத்தை 1938இல் நிறுவிய லிம் ஹக் தாயின் மைந்தர் ஆவார்.

அதற்குச் சற்று முன்னர், 1952இல், லியூ காங், சென் வென் சி, சியோங் சூ பியெங், சென் சோங் சுவீ ஆகிய நால்வரும் பாலித் தீவுக்குச் சென்று, அதன் எழிலைத் திரைச்சீலையில் வடித்து வந்தனர். இளைஞர்களின் பார்வையோ தம் வீட்டு வாசலில் தங்கியது. தொழிலாளி, வெள்ளத்தில் தவிப்போர், வேலை நிறுத்தம் செய்வோர் ஆகியோரே அவர்களின் ஓவிய நாயகர்கள். ஏழையின் முகமும் ஓவியமாகத் தக்கதே என்பது அவர்களின் கொள்கை.

எண்ணெய் வண்ண ஓவியத்தோடு மரச்செதுக்கு அச்சையும் அவர்கள் போற்றினர். ஒரே மரப்பலகையைச் செதுக்கி மை தடவினால் பல படிகள் எடுக்கலாம், செலவும் குறைவு. டான் டீ சீ 1955இல் செதுக்கிய ‘வேலை நிறுத்தம்’ இவ்வகையைச் சார்ந்தது. 1961 மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றோராக்கியது. அத்துயரை லிம் இயூ குவான் 1966இல் மரத்தில் செதுக்கினார்.

ஓவியக் கண்காட்சிகளோடு இலக்கியம், இசை, நாடகம் ஆகியவற்றிலும் கழகம் ஈடுபட்டது. எனினும் அவ்வோவியர்களில் பெரும்புகழ் பெற்ற படைப்பு, சுவா மியா டீ 1959இல் தீட்டிய ‘தேசிய மொழி வகுப்பு’ எனலாம். சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற ஆண்டு அது. வட்ட மேசையைச் சூழ்ந்து இளைஞர்கள் மலாய் பயில்கின்றனர். கரும்பலகையில் இரு வினாக்கள்: உன் பெயர் என்ன? எங்கே வசிக்கிறாய்? தொடக்கப் பாடத்தின் எளிய வினாக்களே அவை. ஆயினும் குடியேறியோரின் பிள்ளைகள் புதிய நாட்டில் தமக்குத் தாமே விடை தேட வேண்டிய வினாக்களும் அவையே. சீனர்க்கு மட்டுமா? அக்காலத்தில் மலாய் பயின்ற தமிழ் இளைஞர்க்கும் அவ்வினாக்கள் பொருந்தும்.

மக்களுக்காகக் கலை என்று முழங்கிய கழகத்தை இடதுசாரிச் சார்புடையது என்ற ஐயம் தொடர்ந்தது. 1974 ஜனவரியில் அதன் பதிவு நீக்கப்பட்டது. பதினெட்டாண்டுப் பணி அத்துடன் முற்றுப்பெற்றது.

ஆயினும் படைப்புகள் எஞ்சின. முன்னாள் உச்ச நீதிமன்றத்தையும் நகர மண்டபத்தையும் இணைத்து 2015 நவம்பரில் தேசியக் கலைக்கூடம் திறக்கப்பட்டபோது, சிங்கப்பூர் ஓவியங்களின் தொடக்கக் கண்காட்சிக்கு ‘சியாப்பா நாமா காமு’ என்று பெயரிட்டனர். அக்கரும்பலகையின் முதல் வினாவே அது! அதே ஆண்டில் சுவா மியா டீ கலாசாரப் பதக்கம் பெற்றார்.

பதிவேட்டிலிருந்து கழகத்தின் பெயர் நீங்கியது. ஆனால் அக்கழகத்தாருள் ஒருவர் எழுப்பிய வினா, நாட்டின் கலைக்கூடத்து வாயிலில் வருவோர் அனைவரையும் வரவேற்றது. சாமானியரின் முகத்தை உண்மையோடு வரைந்தோர்க்குக் காலம் அளித்த மறுமொழி அதுவேயாகும்.