எழுத்து வகுப்பில் இரு மொழி மாணவர்

மருதானைப் புகையிரத நிலையத்திலிருந்து ஒரு நாழிகை நடைக்குள், 1886-இல் தொடங்கிய ஆனந்தாக் கல்லூரியையும், 1892-இல் தோன்றிய சாஹிராக் கல்லூரியையும், இவ்விரண்டிற்கும் முன்னதாக 1873-இல் ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல மகாதேரர் மாளிகாகந்தையில் நிறுவிய வித்தியோதயப் பிரிவேனாவையும் காணலாம். பாளி கற்கும் ஆவலோடு 1902-இல் கடல் கடந்து வந்த தர்மானந்த கோசாம்பி அமர்ந்து பயின்றது இப்பிரிவேனாவிலேதான். பின்னர் 1959-இல் அது பல்கலைக்கழகமாக உயர்ந்தது. கரவெட்டியில் பிறந்து, சாஹிராவில் மாணவராகவும் ஆசிரியராகவும் விளங்கிய கார்த்திகேசு சிவத்தம்பி, கங்கொடவிலைக்குப் பெயர்ந்துவிட்ட அந்த வித்தியோதயத்திலே தமிழ் விரிவுரையாளராயினார். பௌத்த சங்கத்தார் வித்திட்ட கலாபீடத்தில், முஸ்லிம் கல்லூரியில் பயின்ற ஒரு யாழ்ப்பாணத்தார் தமிழ் கற்பித்ததை அக்காலத்தில் யாரும் அதிசயமாகக் கருதியதாகத் தெரியவில்லை.

ஆயினும், அயலில் வாழ்தல் வேறு, கூடி எழுதுதல் வேறு. கலைகளுள் நாடகமே இவ்விஷயத்தில் எழுத்தை முந்திக்கொண்டது. 1911-இல் மருதானையில் திறக்கப்பட்ட டவர் மண்டபத்தின் புகழுக்குக் காரணமான நூர்த்தி நாடக மரபிலே, ஜோன் டி சில்வாவுக்கு மெட்டமைத்த விஸ்வநாத் லௌஜி என்னும் இந்திய சங்கீத வித்துவான் சிங்களம் அறியாதவர். காட்சியின் பாவத்தைப் பிறர் வாயிலாகக் கேட்டறிந்தே அவர் இசை வகுத்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்து எதிரிவீர சரச்சந்திரர் தமிழ்க் கூத்தோடு வேர்த்தொடர்புடைய நாடகம என்னும் மரபைத் தழுவி 1956-இல் ‘மனமே’யை அரங்கேற்றியதும், அம்முயற்சியால் உந்தப்பட்ட சு. வித்தியானந்தன் 1960களில் தம் மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துக்களைப் புதுக்கி அளித்ததும் நம் பல்கலைக்கழக வரலாற்றின் ஒளிமிக்க பக்கங்கள். தாளத்திற்கும் அபிநயத்திற்கும் அகராதி வேண்டா. உரைநடைக்கோ அந்தச் சலுகை இல்லை.

அந்த அகராதியை நாம் வளர்க்காமல் விட்ட காலம், சுயமொழிக் கல்வி பல்கலைக்கழகத்தினுள் புகுந்த காலமே. 1960-ஆம் ஆண்டளவில் கலைப் பீடத்தில் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாயின. கிராமத்துப் பிள்ளைகளுக்கு உயர்கல்வியின் கதவைத் திறந்த அச்சீர்திருத்தத்தைக் குறைகூற எனக்கு மனம் ஒப்பாது. ஆனால், ஒரே வளவில் ஒரே பாடத்தை இரு விரிவுரை மண்டபங்களில் தனித்தனியே கேட்டு, சிற்றுண்டிச்சாலையில் மாத்திரம் முகம் பார்த்துக்கொள்ளும் இரு மாணவ சமுதாயங்கள் அதனால் உருவாயின என்பதையும் மறைப்பதற்கில்லை.

இப்பிரிவுக்குப் பரிகாரம் தேடிய முயற்சிகளுள் அண்மைக்காலத்தது, நாவலாசிரியர் ஷியாம் செல்வதுரை தேசிய சமாதானப் பேரவையோடு இணைந்து 2012-இல் தொடங்கிய ‘ரைட் டு ரெக்கன்சைல்’ என்னும் எழுத்துப் பயிற்சித் திட்டம். தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் கொழும்பிலே பிறந்து, 1994-இல் வெளிவந்த ‘ஃபனி போய்’ நாவலால் உலகறிய நின்ற அவர், பல இனத்து இளம் எழுத்தாளரையும் புலம்பெயர்ந்தோரையும் ஓரிடத்தில் தங்கவைத்து, போரையும் சமாதானத்தையும் பற்றிக் கதையும் கவிதையும் நினைவுக்குறிப்பும் எழுதச் செய்து, தொகுதிகளாகவும் வெளிக்கொணர்ந்தார். போற்றத்தக்க காரியம், எனினும் அது ஆங்கிலத்தில் நடந்தது. வவுனியாவிலும் குருநாகலிலும் தாய்மொழியில் மாத்திரமே மனத்தைத் திறக்க வல்ல இளைஞனுக்கு அந்த வாசல் எட்டாதது.

இங்குதான் அமெரிக்க மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கில்பெர்த் ஃபுர்ஸ்டன்பெர்க் என்னும் பேராசிரியையும் அவருடைய சகாக்களும் 1997-இல் வகுத்த ‘கல்ச்சுரா’ என்னும் பாடமுறை நமக்குப் பயன்படும். அமெரிக்க மாணவரும் பிரெஞ்சு மாணவரும் ஒரே வினாத்தாளைத் தத்தம் மொழியிலேயே நிரப்புவர். ‘நல்ல அயலவர் எனப்படுபவர்…’ என்பது போன்ற முற்றுப்பெறாத வாக்கியங்களை நிறைவுசெய்வர். கடையொன்றில் தாயொருத்தி பிள்ளையை அறையக் கண்டால் என்ன நினைப்பீர் என்பதற்கு விடை எழுதுவர். பின்னர் இரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் படித்து, ஏன் இவ்வாறு எழுதினீர் என ஒருவரையொருவர் வினவுவர். எழுதுவது சொந்த மொழியில், வாசிப்பது பிறர் மொழியில் என்பதே அதன் உயிர்நாடி. இதனால் எவரும் இரவல் மொழியில் திக்கித் தம் அறிவு குன்றியவர்போல் தோன்றும் அவமானம் நேர்வதில்லை.

நம் பல்கலைக்கழகமொன்றில் இம்முறையைக் கைக்கொள்ளுவோமாயின், ஒரு தமிழ் மாணவியையும் ஒரு சிங்கள மாணவனையும் இணையாக்கி, காலைப் புகையிரதத்தின் நெரிசலைப் பற்றி இருவரும் தத்தம் மொழியில் ஒரு பக்கம் எழுதட்டும். பிறகு ஒருவர் எழுதியதை மற்றவர், எழுதியவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டே, தம் மொழிக்குக் கொணரட்டும். அடையாள அட்டையைக் கையிலே பிடித்தபடி நின்றாள் என்று அவள் எழுதியிருக்க, ஏன் கையில் பிடிக்க வேண்டும், பையில் வைத்தால் என்ன என்று அவன் கள்ளமின்றிக் கேட்பான். சோதனைச்சாவடிகளின் காலத்தில் தாயிடமிருந்து கற்ற பழக்கம் அதுவென அவள் அறிவாள். தன் இனத்து வாசகர் கேட்கவே மாட்டாத கேள்வியாதலால், அதைச் சொல்ல வேண்டுமென்று அதுவரை அவளுக்குத் தோன்றியிருக்காது. அடுத்த பிரதியில் அவ்வாக்கியம் நீளும். அல்லது எழுதுபவர் கெட்டிக்காரராயின், ஒரு சொல் கூடாமலே செறிவுறும். இனநல்லிணக்கம் இதனால் விளையுமா என்பதை அரசியலார் ஆராயட்டும். உரைநடை திருந்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை, எழுத்து வகுப்புக்கு அதுவே முதற் பிரயோசனம்.

தடை மாணவரிடத்தில் இல்லை. இருவர் கூடி இரு மொழியில் ஆக்கிய ஓர் எழுத்துப்படிக்குப் புள்ளி வழங்குவது தமிழ்மொழிப் பரீட்சகரா, சிங்களமொழிப் பரீட்சகரா, இருவருமாயின் பெறுபேற்றைப் பகிர்வது எவ்வாறு என்னும் சிக்கல், மொழிவாரியாகப் பிரிந்தே பழகிய பரீட்சை ஒழுங்குகளின்முன் நிச்சயமாக எழும். மூதவை அதற்கு விதி வகுக்குமுன் பாடத்தைத் தொடங்கினால், அது மாலைநேரச் சங்கக் கூட்டமாகவே நின்றுவிடும்; ஆகையால், பாடத்திட்டத்தை வரைவோர் முதல் எழுத வேண்டியது அந்தப் பரீட்சை விதியைத்தான்.