அரசு மருந்து வாங்கிய கதை

கடையில் பொருள் வாங்குபவர் சொந்தப் பணத்தைக் கொடுக்கிறார். அரசு கொடுப்பது ஊர்ப்பணம். டெண்டர், டெபாசிட், எல்1 என்று அரசுக் கொள்முதலில் இத்தனை சொற்கள் வந்ததற்குக் காரணமே இந்த வித்தியாசம்தான். இவற்றைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்.

அதற்கு முன் மருத்துவத் துறையின் இயக்குநரகங்கள் தனித்தனியாக மருந்து வாங்கின. வாங்கும் அளவு சிதறியதால் பேரம் பேசும் பலமும் சிதறியது. ஓரிடத்தில் மருந்து தேங்கும், இன்னோரிடத்தில் தட்டுப்பாடு. டாக்டர் வெளியே எழுதிக் கொடுப்பார். கூலி வேலை செய்பவர் கடன் வாங்கி மருந்துக் கடைக்குப் போவார்.

1994இல் அரசு இந்தக் கழகத்தைத் தொடங்கியது. 1995 ஜனவரியிலிருந்து மருந்து விநியோகம் நடந்தது. அத்தியாவசிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டு, பிராண்டு பெயர் இல்லாமல் மூலப் பெயரில், மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர் விடப்பட்டது.

டெண்டரில் கலந்துகொள்பவர் முதலில் டெபாசிட் கட்ட வேண்டும். விளையாட்டுக்கு விலை சொல்லிவிட்டுப் பின்வாங்குபவரைத் தடுப்பது இதுதான். அடுத்து இரண்டு உறை முறை. முதல் உறையில் கம்பெனியின் தகுதி, இரண்டாவதில் விலை. தகுதியில் தேறாதவரின் விலை உறை திறக்கப்படாது. தேறியவர்களில் குறைந்த விலை சொன்னவர்தான் எல்1.

மலிவாக இருந்தால் போதுமா? போதாது. வந்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் போட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். யாருடைய மருந்து என்று தெரியாததால் சலுகை காட்ட வழியில்லை. தவறு செய்யும் கம்பெனி கறுப்புப் பட்டியலில் சேரும்.

மருத்துவமனைகளுக்கு பாஸ்புக் கொடுக்கப்பட்டது. ஒதுக்கிய தொகைக்குள் தேவையானதை மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வாங்குவது ஓரிடத்தில், என்ன வேண்டும் என்று முடிவு செய்வது மருத்துவமனையில். இந்த ஏற்பாட்டின் சூட்சுமமே இதுதான்.

1998இல் தமிழக அரசு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் கொண்டுவந்தது. விதிகள் 2000இல் வந்தன. மருந்து மட்டுமல்ல, மற்ற துறைகளின் கொள்முதலும் சட்டத்துக்குள் வந்தது. பின்னர் கேரளமும் (2007) ராஜஸ்தானும் (2011) இதே பாணியில் மருத்துவக் கழகங்களை அமைத்தன.

விதிகள் இருப்பதால் மட்டும் முறைகேடு ஒழிந்துவிடாது. போட்டியாளர்கள் கூடிப் பேசி விலை வைத்தால் எல்1 என்பதற்கே அர்த்தமில்லை. ஆனால் விதி எழுத்தில் இருந்தால்தான் மீறியவரைக் கேள்வி கேட்க முடியும். அரசு ஆஸ்பத்திரி ஜன்னலில் இலவசமாகக் கைக்கு வரும் மாத்திரைப் பட்டைக்குப் பின்னால் இத்தனை படிகள் இருக்கின்றன. அதில் ஒரு படி தவறினாலும், விலை கொடுப்பவர் வரிசையில் நிற்கும் நோயாளிதான்.