ஸூட் சூட் ரயட்: ஓர் ஆல்பமும் அதன் வரவேற்பும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து யூஜீன் நகரில் பிறந்த இசைக்குழு செர்ரி பாப்பின் டாடீஸ். அது 1997 மார்ச்சில் தன் சொந்த நிறுவனத்தின் பெயரில் வெளியிட்ட ஆல்பம் ‘ஸூட் சூட் ரயட்’. அதிலுள்ள 14 பாடல்களில் புதிதாகப் பதிவானவை நான்கே. மற்ற பத்தும் குழுவின் முந்தைய மூன்று ஆல்பங்களிலிருந்து பொறுக்கியெடுத்தவை. ரசிகர்கள் கேட்டதற்காகத் தொகுத்த இந்த வட்டு, அமெரிக்காவில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் விற்றது.

இதன் இசை இரண்டு ஊற்றுகளிலிருந்து வருகிறது. ஒன்று, 1930களில் நடன அரங்குகளை ஆண்ட ஸ்விங். மற்றொன்று, அதன் பிள்ளையான ஜம்ப் ப்ளூஸ். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்கும் டயருக்கும் பங்கீடு வந்தது. பதினைந்து, இருபது பேரைப் பேருந்தில் ஏற்றி ஊர் ஊராகக் கூட்டிச் செல்வது கட்டுப்படியாகவில்லை. ஐந்தாறு பேரே ஒரு பெரிய குழுவின் ஓசையை எழுப்பியாக வேண்டிய நிலை. சாக்ஸபோன் முன்னுக்கு வந்தது, தாளம் துள்ளியது, பாடகர் நகைச்சுவையாகக் கதை சொல்லிப் பாடினார். இந்த வகையின் தலைமகன் லூயி ஜோர்டன். அவருடைய ‘சூ சூ ச்’பூகி’ 1946இல் கறுப்பின இசைத் தரவரிசையில் 18 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. ராக் அண்ட் ரோலுக்கு வழி வெட்டியவர்களில் அவரும் ஒருவர்.

அந்த இசையை அரை நூற்றாண்டு கழித்து யூஜீனில் கையிலெடுத்தவர்கள் பங்க் குழுக்களில் வாசித்துப் பழகியவர்கள். ஓரிகன் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த ஸ்டீவ் பெர்ரியும் பாஸ் கிட்டார் வாசித்த டேன் ஷ்மிட்டும் சேர்ந்து குழுவைத் தொடங்கினார்கள். 1989இல் முதல் கச்சேரி. பங்க், ஃபங்க், ஸ்கா, ஸ்விங் எல்லாவற்றையும் ஒரே மேடையில் கலந்து கொடுத்தார்கள். உள்ளூரிலேயே கடும் எதிர்ப்பும் கிளம்பியது. குழுவின் பெயர் பெண்களை இழிவுபடுத்துகிறது என்று போராட்டங்கள் நடந்தன. சில காலம் வெறும் ‘டாடீஸ்’ என்ற பெயரிலேயே அவர்கள் வாசிக்க வேண்டியிருந்தது.

1990களின் நடுவில் ஸ்கா குழுக்களோடு ஊர் ஊராகச் சுற்றியபோது, ரசிகர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ஸ்விங் பாட்டு அதிகம் இருப்பது எந்த ஆல்பத்தில்? அப்படி ஒன்று அவர்களிடம் இல்லை. ஒவ்வொரு ஆல்பத்திலும் ஸ்விங் பாடல்கள் மற்ற வகைகளுக்கு நடுவே சிதறிக் கிடந்தன. முழுதாக ஓர் ஆல்பம் பதிவுசெய்யக் கையில் காசும் இல்லை. அதனால் பழைய ஸ்விங் பாடல்களை ஒன்றுதிரட்டி, புதியவை நான்கைச் சேர்த்தார்கள். அந்த நான்கில் ஒன்று, சான் பிரான்சிஸ்கோ டிராம் வண்டியில் நடத்துனராக இருந்துகொண்டே அடுத்தடுத்துப் பல பெண்களை மணந்து 1940களில் செய்தித்தாள்களில் அடிபட்ட பிரான்சிஸ் வான் வீயின் கதை. இன்னொன்று ஆல்பத்தின் தலைப்புப் பாடல்.

ஸூட் சூட் என்பது தோள் அகன்று, முழங்கால் வரை தொங்கும் கோட்டும், தொளதொளத்துக் கணுக்காலில் இறுகும் பேண்டும் சேர்ந்த உடை. கறுப்பின, மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் அதைப் பெருமையோடு அணிந்தார்கள். போருக்காகக் கம்பளித் துணிக்குக் கட்டுப்பாடு வந்தபின், அதை அணிவதே தேசத் துரோகம்போலப் பேசப்பட்டது. 1943 ஜூன் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் கடற்படையினர் கூட்டம் கூட்டமாகத் தெருவில் இறங்கி, இந்த உடையில் கண்ணில் பட்ட இளைஞர்களை அடித்து, உடையை உருவி எறிந்தார்கள். திரையரங்குகளுக்குள் புகுந்தும் டிராம் வண்டிகளை நிறுத்தியும் ஆட்களை இழுத்துப் போட்டார்கள். காவல்துறை கைது செய்ததோ பெரும்பாலும் அடிபட்டவர்களைத்தான். படையினர் நகருக்குள் நுழையக்கூடாது என்று ராணுவத் தலைமை உத்தரவிட்ட பிறகே கலவரம் அடங்கியது.

இந்த வன்முறையை டிரம்பெட் முழங்க, ஆடத் தூண்டும் பாட்டாக்கினார் பெர்ரி. விடுப்பில் வந்த மாலுமிகள் பாட்டுக்குள்ளும் வருகிறார்கள். ஆனால் 1998இல் அதற்கு ஆடியவர்களில் பலருக்கு அந்த ஜூன் மாதம் தெரியாது. ஆல்பம் முழுவதும் இதே இரட்டை ஓட்டம் உண்டு. ‘ட்ரங்க் டாடி’ குடிகாரத் தகப்பனின் வீட்டில் வளரும் குழந்தையின் துயரம்; அது துள்ளும் தாளத்தில்தான் வருகிறது. பாட்டன் காலத்து இசையைத் தன் தலைமுறையின் காயங்களைச் சொல்லப் பயன்படுத்தியதே இந்த ஆல்பத்தின் உண்மையான சாதனை.

குழுவை ஒப்பந்தம் செய்த மோஜோ நிறுவனம் 1997 ஜூலையில் ஆல்பத்தை மறுவெளியீடு செய்தது. தலைப்புப் பாடலைத் தனியாக வானொலிக்கு அனுப்புவதில் பெர்ரிக்கு உடன்பாடில்லை. யார் ஒலிபரப்பப்போகிறார்கள் என்பது அவர் எண்ணம். லாஸ் ஏஞ்சல்ஸின் கே-ராக் முதலிய வானொலிகள் அதை எடுத்துக்கொண்டன. காலமும் கைகொடுத்தது. 1996இல் ‘ஸ்விங்கர்ஸ்’ திரைப்படம் இந்த இசையைப் புதிய தலைமுறைக்குக் காட்டியிருந்தது. 1998இல் கேப் நிறுவனத்தின் காக்கி பேண்ட் விளம்பரம் ஸ்விங் நடனத்தை ஒவ்வொரு வீட்டுத் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனது. ஆல்பம் பில்போர்டு 200 பட்டியலில் 17ஆம் இடம் வரை ஏறியது. பாடலின் காணொளி எம்டிவியின் புதுமுகக் கலைஞர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. மறுவருடம் வியர்ட் அல் யாங்கோவிக் அதே மெட்டில் உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றிய பகடிப் பாடலை வெளியிட்டார்.

வெற்றிக்கு விலை இருந்தது. தொப்பியும் கோட்டும் போட்ட பழமை விரும்பிகள் என்றே பத்திரிகைகளும் கடைகளும் அவர்களை அடையாளப்படுத்தின. அது நியாயமல்ல. ஸ்விங் பாடல்களை மட்டும் பிரித்தெடுத்த தொகுப்பே அறிமுகமானதால், அவர்களுடைய மறுபாதி பெருவாரியான கேட்பவர்களை எட்டவேயில்லை. 2000இல் வந்த ‘சோல் கேடி’ சோல், ஸ்கா, கிளாம் ராக் என்று திரும்பவும் எல்லாவற்றையும் கலந்தது. ஸ்விங் அலை அதற்குள் வடிந்திருந்தது; ஆல்பம் விற்கவில்லை. அந்த ஆண்டு இறுதியில் குழு ஓய்வெடுத்துக்கொண்டது. பெர்ரி பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி மூலக்கூறு உயிரியலில் பட்டம் பெற்றார். 2002இல் மீண்டும் மேடையேறினார்கள். முழுக்க முழுக்க ஸ்விங் என்று அடுத்து ஓர் ஆல்பம் வர 2013 வரை ஆனது. அதன் பெயர் ‘வைட் டீத், பிளாக் தாட்ஸ்’.